அறுபது புள்ளிகள்

மதுரையைச் சுற்றியுள்ள கிராமங்களில் கண்ணில் கோளாறு என்றால் உடனே நினைவுக்கு வரும் ஊர் மதுரைதான். 1976-இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்கும், ஊர் ஊராக நடந்த இலவசக் கண் முகாம்களுக்கும் இதில் பெரும் பங்கு உண்டு. புரை விழுந்த தாத்தா முகாம் பேருந்தில் ஏறிப் போய், சில நாட்களில் கறுப்புக் கண்ணாடியுடன் வந்திறங்கி, பேரனின் முகத்தைப் பார்த்துப் பெயர் சொன்னதை நேரில் கண்ட ஊர், பிறவியிலேயே பார்வை இல்லாதவரையும் விழித்திரை பட்டுப்போனவரையும் "மதுரைக்குப் போனாச் சரியாயிடும்" என்று சொல்லித்தான் வண்டி ஏற்றிவிடுகிறது. அப்படி ஏற்றிவிடப்பட்டவர்களில் சிலர், எல்லாப் பரிசோதனைகளும் முடிந்தபின் வந்து உட்காருமிடம், இதே நகரில் வேறொரு மருத்துவமனையின் மறுவாழ்வுப் பிரிவில் நான் 2009 முதல் ஆலோசகராக இருக்கும் அறை. வெண்கோல் பிடித்து நடப்பது, திரையில் உள்ள எழுத்தைப் படித்துச் சொல்லும் பேசும் செயலியுடன் கைபேசியைக் கையாள்வது, மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பிப்பது ஆகியவைதான் அங்கே எங்கள் வேலை. ஆனால் உறவினர்களின் சட்டைப் பையில் பெரும்பாலும் ஒரு செய்தித்தாள் துண்டு மடித்து வைக்கப்பட்டிருக்கும். இப்போது அது வாட்ஸ்அப் காணொளியாகிவிட்டது.

2013 பிப்ரவரியில் அப்படி ஒரு செய்தியை நானே தூக்கிக்கொண்டு ஓடினேன். ஆர்கஸ் 2 என்ற விழித்திரைக் கருவிக்கு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்திருந்தது. கண்ணாடியில் பொருத்திய கேமரா படம்பிடிக்க, இடுப்பில் கட்டிய சிறு கணினி அதைக் குறிகளாக மாற்றியனுப்ப, விழித்திரை மேல் வைத்த 60 மின்முனைகள் நரம்பைத் தூண்டிப் புள்ளிகளாக ஒளியைக் காட்டும். எங்களிடம் கணினிப் பயிற்சிக்கு வந்துகொண்டிருந்த, பிறவியிலேயே பார்வையற்ற, அரசுப் பள்ளித் தமிழாசிரியர் ஒருவரிடம் மூச்சு வாங்க இதைச் சொன்னேன். அவர் நிதானமாக, "எத்தனை புள்ளி மேடம்?" என்றார். அறுபது என்றேன். "பிரெய்லில் ஓர் எழுத்துக்கு ஆறு புள்ளிக்கு இடம். அப்படியானால் பத்து எழுத்து. அதை என் விரல் மூச்சு விடுவதற்குள் தாண்டிவிடுமே" என்றார். பிறகு, "கண்ணுக்குள் வைத்தது பழுதானால் எங்கே கொண்டுபோவது? டவுன்ஹால் ரோட்டில் செல்போன் கடையிலா?" என்று கேட்டார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அன்று மாலை செய்தியை முழுதாகப் படித்தபோதுதான், முன்பு உருவங்களைப் பார்த்துப் பழகிப் பின்னால் பார்வையை இழந்த நிறமி விழித்திரை நோயாளிகளுக்கு, அதாவது நாங்கள் ஆர்.பி. என்று சொல்லும் நோய் உள்ளவர்களுக்கு, மட்டுமே அந்தக் கருவி என்று தெரிந்தது. பிறவியிலேயே பார்வையற்றவரிடம் போய் அதைச் சொல்லியிருக்கிறேன். மறுநாள் மன்னிப்புக் கேட்டதற்கு, தமக்கு அது முதலிலேயே தெரியும் என்றார். என் உற்சாகத்தைக் கெடுக்க விரும்பாமல் கணக்கை மட்டும் கேட்டாராம்.

அவர் கேட்ட இரண்டாவது கேள்விக்கும் பின்னால் விடை வந்தது. 2019-இல் ஆர்கஸைத் தயாரித்த நிறுவனம் அதன் உற்பத்தியை நிறுத்தியது; மறு ஆண்டு ஊழியர்களில் பெரும்பாலோரை வீட்டுக்கு அனுப்பியது. கருவியைக் கண்ணுக்குள் சுமந்துகொண்டிருந்த 350-க்கும் மேற்பட்டோர், பழுது பார்க்க ஆளில்லாமல் நின்ற கதை 2022-இல் வெளிச்சத்துக்கு வந்தது. 2025 அக்டோபரில் வந்த செய்தி அதைவிட நல்ல செய்திதான்: முதுமையில் மையப் பார்வை போனவர்களுக்கு, விழித்திரைக்கு அடியில் 2 மில்லிமீட்டர் அளவுள்ள சில்லைப் பொருத்தி ஓராண்டு கழித்துச் சோதித்த 32 பேரில் 26 பேரின் பார்வை குறிப்பிடத்தக்க அளவு மேம்பட்டிருந்தது. அந்தச் சில்லில் 378 புள்ளிகள். தொலைபேசியில் சொன்னதும் ஆசிரியர் ஆறால் வகுத்து, "அறுபத்துமூன்று எழுத்து. நாயன்மார் கணக்குக்கு வந்துவிட்டார்கள்" என்றார். கண்ணப்பரைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன், வகுப்புக்கு மணியடித்துவிட்டது.

அவரைக் கொண்டு எல்லோரையும் அளந்துவிட முடியாது. மேலூர்ப் பக்கமிருந்து வரும் பூ கட்டும் அம்மாவுக்குப் பத்தொன்பது வயதில் மாலைக்கண்ணாகத் தொடங்கி, இப்போது குழல் வழியாகப் பார்ப்பதுபோல் நடுவில் மட்டும் சிறிது தெரிகிறது. இழந்ததைத் திருப்பித் தருவதைப் பற்றிப் பேசினால் அவருக்கு அக்கறையில்லை. "மிச்சம் இருக்கறதைக் கெடுத்துற மாட்டாங்களே?" என்பதுதான் அவருடைய ஒரே கேள்வி. ஊசி போடும் எந்த ஆய்வுக்கும் அது நியாயமான கேள்வி. அவர் மணந்தது தாய்மாமனை. அவருக்குள்ள நோய் இரு பெற்றோரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால் மட்டும் தோன்றும் வகை என்றும், சொந்தத்தில் மணக்கும்போது அதற்கு வாய்ப்புக் கூடும் என்றும் மரபணு ஆலோசனையில் சொன்ன நாள் முதல், விளக்கு வைக்கும் நேரத்தில் ஒரு மல்லிகை மொட்டைத் தரையில் போட்டு, மகளை எடுக்கச் சொல்லிப் பார்க்கிறார். மகள் இதுவரை எடுத்துக் கொடுத்துவிடுகிறாள். 2017-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற மரபணு மருந்து ஆர்.பி.இ.65 என்ற ஒரே மரபணுவின் பழுதுக்கு மட்டுமானது என்பதையும், அறிமுக விலை ஒரு கண்ணுக்கு 4,25,000 டாலர் என்பதையும் நான் விளக்கியபோது, தொகையை ரூபாயில் சொல்ல வேண்டாம் என்று கையமர்த்தினார்.

இவர்கள் இருவரும் தனியாக வந்ததால்தான் இவ்வளவு பேச முடிந்தது என்பதை நான் மிகத் தாமதமாகவே உணர்ந்தேன். துணையோடு வருபவரிடம் கேள்வியைக் கேட்டால், பதில் பக்கத்து நாற்காலியிலிருந்து வரும். உசிலம்பட்டியிலிருந்து வந்த கல்லூரி மாணவருக்காக எப்போதும் அவருடைய அப்பாதான் பேசினார். எங்களிடம் வருமுன்பே, வெளியூரில் ஒரு தனியார் மையத்தில் ஸ்டெம்செல் ஊசிக்காக நிலத்தில் ஒரு பகுதியை விற்றுச் செலவு செய்திருந்தார்; பார்வையில் கடுகளவும் மாற்றமில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டு நெறிகளின்படி இத்தகைய கண் நோய்களுக்கு ஸ்டெம்செல்லை ஒப்புதல் பெற்ற ஆய்வுக்கு வெளியே பயன்படுத்தக் கூடாது, ஆய்வென்றால் நோயாளியிடம் அதற்குக் காசு வாங்கக் கூடாது என்பதை நான் சொன்னபோது, அவர் தலை குனிந்துகொண்டார். அன்று முதல், துணைக்கு வருபவரை முதலில் கேன்டீனுக்கு அனுப்பிவிடுவதை வழக்கமாக்கிக்கொண்டேன். அப்பா வெளியே போனதும் மாணவர் சொன்னார்: "அக்கா, அந்த ஊசி வேண்டாம்னு மூணு தடவை சொன்னேன். எனக்குப் பயம்னு நினைச்சுக்கிட்டாங்க. பேங்க் பரீட்சைக்குப் படிக்க வேண்டிய ஆறு மாசம் போயிடுச்சேன்னுதான் சொன்னேன்."

2023-இல் ஓர் ஆய்வுக்கு ஆள் சேர்த்தபோது அவருடைய பெயரும் பட்டியலில் இருந்தது. இம்முறை தானே முடிவெடுப்பதாகச் சொல்லி, ஒப்புதல் படிவத்தைக் கைபேசிக்கு அனுப்பச் சொன்னார். எங்களிடம் இருந்தது ஸ்கேன் செய்த பிரதி. அதைத் திறந்ததும் பேசும் செயலி "படம்" என்றது. அடுத்த பக்கத்துக்கும் "படம்" என்றது. பார்வையற்றோருக்கான ஆய்வு, பதினான்கு பக்கம், பதினான்கும் படம். அன்றிரவு உட்கார்ந்து முழுவதையும் தட்டச்சு செய்து அனுப்பினேன்.

மறுநாள் என் எதிரிலேயே அதைக் கேட்டார், எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடாத வேகத்தில். பாதிப்பு ஏற்பட்டால் இழப்பீடு யார் தருவது என்ற பத்தியை மட்டும் இரண்டு முறை ஓடவிட்டார். முடிந்ததும், படிக்க இயலாதவருக்காக நடுநிலைச் சாட்சி கையெழுத்திடும் கடைசிக் கட்டத்துக்கு வந்தார். "படிக்க இயலாதவர்னு போட்டிருக்கு. நான்தான் படிச்சுட்டேனே, அக்கா. இந்த இடத்தில் என்ன எழுதுவீங்க?" என்றார்.

ஆய்வுகளுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவின் செயலருக்கு அந்தக் கேள்வியை அப்படியே தட்டச்சு செய்து அனுப்பினேன். மாணவர் கையெழுத்துப் போடாமல், பதில் வரட்டும் என்று சொல்லிவிட்டு உசிலம்பட்டி பஸ்ஸுக்குக் கிளம்பினார்.