226-ஐத் தேடி கியூவுக்குப் போன கதை

பக்கத்து வீட்டுப் பாட்டி இரண்டு படங்களை நீட்டினார். இரண்டிலும் அவருடைய அப்பா. ஒன்றில் காலாட்படைத் தொப்பி, படத்தின் பின்னால் பென்சிலில் ‘226 பிரிகேட், 1941’ (பிரிகேட் என்றால் சில பட்டாலியன்கள் சேர்ந்த படைப்பிரிவு). மற்றதில் கறுப்பு பெரே தொப்பி. அது டாங்கிப் படைக்காரர்கள் போடுவது. ஆனால் பேட்ஜ் இரண்டிலும் ஒன்றுதான்: மேலே ஸ்பிங்க்ஸ், கீழே ஜிப்ரால்டர் கோட்டை. எஸ்ஸெக்ஸ் ரெஜிமென்ட், பிரிட்டனின் ஒரு காலாட்படை. இது எப்படி என்று கேட்டார். ஒரு வாரத்தில் சொல்கிறேன் என்று வாயைக் கொடுத்துவிட்டேன்.

லண்டனின் கியூ (Kew) பகுதியில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் வாசகர் அட்டை வாங்க அடையாளச் சான்று ஒன்று, முகவரிச் சான்று ஒன்று. பையும் பேனாவும் லாக்கருக்குள் போய்விடும். பென்சிலும் போனும் போதும். நாமே படமெடுத்துக்கொள்ளக் காசு கிடையாது. நான் கேட்டது டபிள்யூஓ 166 வரிசை, அதாவது உள்நாட்டுப் படைகளின் போர் நாட்குறிப்புகள்.

நாட்குறிப்பு என்றதும் கதை எதிர்பார்த்துப் போகாதீர்கள். சி.2118 என்ற அச்சுப் படிவத்தில் இடம், தேதி, நேரம், நடந்தது என்று கட்டங்கள், அவ்வளவுதான். 1940-இல் பிரான்சின் டன்கர்க்கிலிருந்து பிரிட்டிஷ் படை பின்வாங்கிய பிறகு ஆட்கள் குவிந்தார்கள், ஆயுதம்தான் இல்லை. அப்போது எழும்பியவைதான் 226 போன்ற ‘ஹோம்’ பிரிகேடுகள். சொந்தமாகப் பீரங்கிப் படையோ பொறியாளர் படையோ கிடையாது, உள்நாட்டுக் காவல்தான் வேலை. ஜெர்மானியர்கள் வரவே இல்லை. வராததற்காகக் காத்திருந்தவர்களின் பதிவு அலுப்பாக இருப்பதில் வியப்பில்லை.

நான் கோட்டை விட்டது 1942-இல். அதே 226 பெயரில் தேடி ஒரு பகல் முழுக்க வீண். எதுவும் இல்லை. படையைக் கலைத்துவிட்டார்கள் போல என்று கிளம்பவே எழுந்துவிட்டேன். அப்புறம்தான் தலையில் அடித்துக்கொண்டு 1941-இன் கடைசிக்குத் திரும்பினேன். கலைக்கவில்லை, பெயர்தான் மாறியிருந்தது. 1941 டிசம்பர் 1 முதல் அது 34வது ஆர்மி டாங்க் பிரிகேட். ஒன்றரை வருடம்கூட வாழாத பெயர் 226.

தொப்பிப் புதிரும் அதோடு அவிழ்ந்தது. எஸ்ஸெக்ஸின் 8வது பட்டாலியனும் அப்போதுதான் 153வது டாங்கி ரெஜிமென்ட் ஆனது. இப்படி மாற்றப்பட்ட காலாட்படையினர் கறுப்பு பெரேயில் பழைய பேட்ஜையே குத்திக்கொள்ளலாம். 1944-இல் பிரான்சின் நார்மண்டிக்கு அவர்கள் போனது சர்ச்சில் டாங்கிகளோடு.

பாட்டியிடம் சொன்னேன். “சரி, அப்பா அதற்குள்ளே உட்கார்ந்தாரா, வெளியே நின்றாரா?” என்றார். அதற்கு அவர் அப்பாவின் பணிப்பதிவு வேண்டும். விண்ணப்பம் போட்டிருக்கிறோம்.