ராமலிங்க விலாசச் சுவரும் கடல் உப்பும்

ராமநாதபுரம் அரண்மனையின் ராமலிங்க விலாசம் என்னும் தர்பார் மண்டபத்தில், அந்நாட்டு மன்னரான சேதுபதியின் முன் ஐரோப்பியர் வந்து நிற்கும் 18ஆம் நூற்றாண்டுச் சுவரோவியம் இருக்கிறது. 1795இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி அப்போதைய சேதுபதியைப் பதவியிறக்கியது. 1803இல் சேதுபதி நாடு ஜமீன் ஆனது. காலனியத்தைப் பேச விரும்பும் நவீன அருங்காட்சியகங்கள் நம் ஓவியர் வெள்ளையரைப் பார்த்த இந்தப் பார்வையிலிருந்து தொடங்கலாம் என்பேன்.

அதற்கு முதலில் சுவர் நிற்க வேண்டுமே! கடலோரச் சுவரில் உப்பு ஏறும். சுண்ணாம்புக் காரை ஈரத்தை வெளியே விடும். பக்கத்தில் சிமெண்ட் பூசினால் ஈரம் ஓவியத்தின் பக்கம் திரும்பி, உப்பு படிகமாகி வண்ணத்தை உரித்துத் தள்ளும். ஒட்டுப்போட நீற்றிய சுண்ணாம்பு 1 பங்கு, சலித்த ஆற்றுமணல் 3 பங்கு. கடல்மணல் ஆகவே ஆகாது. பூத்த உப்பை, வண்ணம் பெயராத இடங்களில் மட்டும், காய்ந்த மென்தூரிகையால் எடுக்க வேண்டும். ஈரத்துணி பட்டால் கரைந்து மறுபடி உள்ளே போய்விடும்.