மூன்றாவது கேள்வி

மே 6
இன்றிலிருந்து படிவத்தோடு நிற்கிறேன். 2010இல் வெளிவந்த ‘டீம்’ அளவுகோல், அவசர சிகிச்சையில் குழு எப்படிச் சேர்ந்து வேலை செய்கிறது என்று அளப்பது. பதினொரு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4. கடைசியில் மொத்தமாக 1 முதல் 10 வரை ஒரு புள்ளி. நோயாளியில் கை வைக்கக் கூடாது, பார்க்க மட்டும்தான்.

மே 7
விடாத மழை. கொழும்புக் காலி வீதியில் வாகனங்கள் அசையவில்லை. படிவம் வெறுமையாகவே கிடக்கிறது.

மே 9
வெள்ளவத்தையிலிருந்து ஒருவரை, 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள். உள்ளே எடுத்ததும் இதயம் நின்றுவிட்டது. “அட்ரீனலின் ஒரு மில்லிகிராம்” என்றார் டொக்டர். யாரிடம்? இரண்டு தாதி மிஸ்மாரும் ட்ரொலிப் பக்கம் திரும்பி, பிறகு ஒருவரை ஒருவர் பார்த்து நின்றார்கள். கடைசியில் யாரோ கொடுத்தார்கள், ஆனால் “கொடுத்தாச்சு” என்று ஒரு குரல் வரவில்லை. நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்த தம்பியை இரண்டு நிமிடம் கடந்தும் யாரும் மாற்றவில்லை. முழங்கை மடங்கத் தொடங்கிவிட்டது. அந்தக் கையால் ஐந்து சென்ரிமீற்றர் ஆழம் போகுமா?

மூன்றாவது கேள்வி, குழு தங்களுக்குள் சரியாகப் பேசிக்கொண்டதா? 1 போட்டேன்.

ஆள் பிழைத்துவிட்டார். “பிழைத்தவருக்கு இவ்வளவு குறைவா?” என்று கேட்கிறார்கள்.

மே 10
புள்ளியைக் கூட்ட மாட்டேன். பிழைத்தது அவருடைய இதயத்தின் பலமாகவும் இருக்கலாம். அடுத்த ஆளுக்கு அது இருக்காது.

மே 12
தாதியர் தினம். கேக் வெட்டினோம். புள்ளிகள் தங்கள் ஃபைலுக்குப் போகும் என்று பயப்படுகிறார்கள். படிவத்தில் யாருடைய பெயரும் இல்லை என்று காட்டினேன். மூத்த மிஸ் ஒருவர் அதை முழுவதும் வாசித்துவிட்டு, “‘சேர், இது வேண்டாம்’ என்று சொல்கிற தைரியத்துக்கு எந்தக் கேள்வி, தங்கச்சி?” என்றார்.

பதினொன்றையும் திரும்ப வாசித்தேன். அப்படி நேராகக் கேட்கும் ஒன்று இல்லை. இருக்க வேண்டும்.

மே 15
இரவு. ஒரு அம்மாவுக்கு இதயம் நின்றது. சிகிச்சை இப்படியும் நடக்கிறது! பெண் டொக்டர் கட்டிலின் கால்மாட்டில், எதையும் தொடாமல் நின்றார். “மல்லி, நீங்கள் அழுத்துங்கள். அக்கா, அட்ரீனலின்.” உடனே பதில், “ஒரு மில்லிகிராம் கொடுத்தாச்சு, இரண்டு பதினான்கு.” இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறியது. “நான் எதையாவது விடுகிறேனா?” என்று எல்லோரிடமும் கேட்டார். சிற்றூழியர் உட்பட.

அந்த அம்மா போய்விட்டார். வெளியே மகள் என் கையைப் பிடித்து, “எல்லாம் செய்தீங்களா மிஸ்?” என்று கேட்டாள். செய்தார்கள் என்றேன். மூன்றாவதுக்கு 4.

மே 16
கூட்டத்துக்குப் பிழைத்தவர், இறந்தவர் என்று பிரித்துப் புள்ளி அட்டவணை வேண்டுமாம். அப்படிப் பிரித்தால் 9ஆம் திகதி நல்ல நாளாகிவிடும். 15ஆம் திகதி?

மே 18
கூட்டம் தள்ளிப்போய்விட்டது. அட்டவணையை இன்னும் கொடுக்கவில்லை.