எச்செவேரியா: இலையடுக்கு குலையாமல் இருக்க

எச்செவேரியாவைப் பெரும்பாலும் கொல்வது தண்ணீர்தான். மெக்சிகோவின் பாறைச் சரிவுகளில் வளரும், தடித்த இலைகள் ரோஜாப்பூப்போல் வட்டமாக அடுக்கிய செடி. வேரில் ஈரம் தேங்கினால் அழுகிவிடும். துளையுள்ள மண்தொட்டியில் தொட்டிமண், பெருமணல், பெர்லைட் (மண்ணில் நீர் வடியக் கலக்கும் லேசான வெள்ளைக் குருணை) மூன்றும் சம பங்கு. உள்ளேயும் மண் முழுக்கக் காய்ந்த பிறகே ஊற்றுங்கள். அடி இலை மஞ்சளாகிக் கண்ணாடிபோல் ஊறினால் தண்ணீர் கூடுதல், சுருங்கினால் தாகம்.

இலையடுக்கின் நடுவில் தண்ணீர் நின்றால் டிஷ்யூ நுனியால் உறிஞ்சிவிடுங்கள், இல்லையென்றால் குருத்து போய்விடும். இலைமேல் உள்ள வெண்பூச்சைத் தயவுசெய்து துடைக்காதீர்கள்! வெயிலைத் தாங்க செடியே போட்டுக்கொண்ட மெழுகு அது. தொட்ட விரல்தடம் அந்த இலையில் அப்படியே நிற்கும்.

தண்டு நீண்டு இலைகள் விலகினால் வெளிச்சம் போதவில்லை. தலையை 2 செ.மீ. தண்டோடு வெட்டி, நிழலில் நான்கைந்து நாள் காயவைத்து நடுங்கள். அடிக்கட்டையையும் வைத்திருங்கள், பக்கத்தில் குட்டிகள் கிளம்பும்.