புது நேரத்து இருட்டு

எங்களுக்குப் படிப்பித்த சேர் காலமாகிவிட்டார் என்ற செய்தி போன ஜூனில் ஒரு நாள் இரவு ஒரு மணிக்கு வந்தது. அப்புறம் எங்கே நித்திரை? யன்னலைத் திறந்தால் லண்டன் வானத்தின் வடக்குப் பக்கம் இன்னும் மங்கல் வெளிச்சம். ஜூனில் இங்கே நடுச்சாமத்திலும் சூரியன் அடிவானத்துக்குக் கீழே 15 பாகை அளவுதான் இறங்கும், முழு இருட்டுக்கு 18 வேண்டும். இதைச் சொல்லித் தந்தவரே அவர்தான், வெள்ளவத்தையில் ரயில் பாதையைத் தாண்டிக் கடற்கரைக் கற்களில் எங்களை இருத்தி வைத்து. "கொழும்பு 7 பாகையில இருக்கு, சூரியன் சரியாமல் நேரே இறங்கும், மணிக்கூட்டைப் பாருங்கோ" என்றார். மறைந்து இருபது நிமிடம் கொஞ்சம் தாண்டியதும் கொப்பியில் எழுதியதே தெரியவில்லை.

1996 உங்களுக்கு மறந்திருக்காது. மழை இல்லை, நீர்த்தேக்கங்கள் வற்றி மணிக்கணக்கில் மின்வெட்டு, கடைசியில் மே 25 அன்று நாட்டின் மணிக்கூட்டையே ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினார்கள். புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியில் மணிக்கூட்டை மாற்றவில்லை; அங்கிருந்து வந்த அம்மம்மாவின் கடிதத்தில் பழைய நேரம், எங்களுக்குப் புது நேரம். சூரியன் உதிக்க ஏழு மணியாகும், ஆறு மணிக்கு பஸ்ஸுக்கு இறங்கினால் கும்மிருட்டு.

அந்த இருட்டில்தான் ஒரு நாள் சோதனைச்சாவடியில் என்னை மறித்தார்கள். முகத்தில் டோர்ச் அடித்து, அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பிறந்த இடத்தைக் கேட்டு, ஓரமாக நிற்கச் சொல்லி, விடும்போது நன்றாக விடிந்துவிட்டது. வகுப்புக்குப் போனால் சேர் ஒன்றும் கேட்காமல் வெளியே நிற்கச் சொன்னார். ஒரு பாடம் முழுக்க நின்றேன். சின்ன வகுப்புப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டே போனார்கள். அங்கேயும் நின்று இங்கேயும் நின்றதுதான் என்னை அழவைத்தது.

மணியடித்த பிறகு விசாரித்தார். சொன்னேன். "ஏன் தம்பி அப்பவே சொல்லேல்லை?" என்றார், குரல் உடைந்துவிட்டது. அடுத்த நாள் காலை சாவடிக்கு இந்தப் பக்கம் குடையோடு நின்றார். எங்கள் பஸ்ஸில் வருகிற கடைசிப் பிள்ளை தாண்டும்வரை போகமாட்டார். ஒக்டோபரில் அரை மணித்தியாலத்தைத் திருப்பிக் குறைக்கும்வரை அப்படித்தான்.

அடுத்த வருடம் நான் வெளிக்கிட்டேன். ஒருவருக்கும் சொல்லக்கூடாது என்று வீட்டில் கட்டளை. சரி என்று வாயை மூடிக்கொண்டேன். மெழுகுதிரி வெளிச்சத்தில் மாலை வகுப்பு முடித்துக் கொப்பியைக் கொடுத்து, "நாளைக்கு வாறன் சேர்" என்றேன். அன்று இரவே கட்டுநாயக்காவில் விமானம் ஏறினேன்.

அந்தக் கொப்பியைத் திருத்தி, கனநாள் மேசையிலேயே வைத்திருந்தாராம்.