550-0: மிச்சிகனின் 1901 சீசன்

11 ஆட்டங்கள், எடுத்தது 550 புள்ளிகள், கொடுத்தது பூஜ்யம். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழக ஃபுட்பால் அணி 1901 சீசனை முடித்த கணக்கு இது. (ஃபுட்பால் என்றால் முட்டை வடிவப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற அமெரிக்க ஆட்டம், மெஸ்ஸி ஆடுவது இல்லை.) அதில் ஓர் ஆட்டத்தின் ஸ்கோர் மட்டும் 128-0. எதிரணி பஃபலோ. அச்சுப்பிழையாக இருக்குமோ என்று முதலில் தோன்றும், ஆனால் பிழையில்லை.

அந்தக் காலத்து விதிகளைத் தெரிந்துகொண்டால் ஆச்சரியம் இன்னும் கூடும். பந்தை முன்பக்கமாக எறிந்து கொடுக்க அனுமதியே கிடையாது, அது 1906-ல்தான் வந்தது. மூன்று முயற்சிக்குள் 5 கெஜம் முன்னேற வேண்டும், இல்லாவிட்டால் பந்து கைமாறிவிடும். அதனால் பெரும்பாலான அணிகள் கும்பலாக முட்டி மோதி அங்குலம் அங்குலமாகத்தான் நகரும். பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிக் கொண்டுபோனால் டச்டவுன், அதற்கு 5 புள்ளி, அப்புறம் உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே அனுப்பினால் இன்னும் 1. அப்படியென்றால் 128 எடுக்க, ஒரே மதியத்தில் இருபது தடவைக்கு மேல் ஸ்கோர் செய்திருக்க வேண்டும்!

இதற்குக் காரணம் பயிற்சியாளர் ஃபீல்டிங் யோஸ்ட். அவருக்கு ஊர் வைத்த பட்டப்பெயரே 'ஹரி அப்' (சீக்கிரம்!) யோஸ்ட். ஒரு முயற்சி முடிந்து எதிரணிக்காரன் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுவதற்குள் இவருடைய ஆட்கள் அடுத்ததற்கு வரிசையில் நின்றுவிடுவார்கள். வெளியே போன ஆட்டக்காரன் நினைத்தபோது திரும்பி வர முடியாத காலம் அது, தாக்குவதும் தடுப்பதும் அதே பதினோரு பேர்தான், ஆக எதிரணிக்கு மூச்சு வாங்கவே நேரம் கிடைக்காது. இந்த வேகத்தோடு வில்லி ஹெஸ்டன் மாதிரி ஓட்டக்காரனும் சேர்ந்தால் கேட்கவா வேண்டும். பஃபலோ ஆட்டத்தைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள்: எதிரணிக்காரன் ஒருவன் மிச்சிகன் பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தானாம், "தம்பி, உன் இடம் அந்தப் பக்கம்" என்று யோஸ்ட் சொன்னதற்கு, "தெரியும், அங்கே போனால் உள்ளே அனுப்பிவிடுவார்கள்" என்றானாம். நிஜமோ கட்டுக்கதையோ, 128 வாங்கியவன் அப்படிச் சொன்னால் நான் நம்புவேன்.

என்னைக் கேட்டால் 550-ஐவிட அந்தப் பூஜ்யம்தான் பெரிது. எளிய அணிகளை விளாசித் தள்ளலாம், ஆனால் சிகாகோ, ஒஹாயோ ஸ்டேட், கார்லைல் எல்லாம் வந்து மோதியும் சீசன் முழுக்க ஒருவரும் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை.

சரி, கடைசி ஆட்டத்துக்கு வருவோம். கலிஃபோர்னியாவில் பசடீனா ஊர்க்காரர்கள் தங்கள் ரோஜாத் திருவிழாவுக்குக் கூட்டம் சேர்க்க, கிழக்கிலிருந்து ஓர் அணியையும் மேற்கிலிருந்து ஓர் அணியையும் அழைத்து மோதவிடலாம் என்று யோசித்தார்கள். மிச்சிகன் பனியிலிருந்து ரயிலேறி வந்தது. மேற்கின் அணி ஸ்டான்ஃபோர்ட். இங்கே ஒரு வேடிக்கை: 1900-ல் ஸ்டான்ஃபோர்டுக்குப் பயிற்சி கொடுத்தவரே யோஸ்ட்தான். சொந்தப் பழைய மாணவர்கள்தான் பயிற்சியாளராக இருக்கலாம் என்று அங்கே முடிவெடுத்ததால் அவருக்கு வேலை போனது, அப்படித்தான் மிச்சிகனுக்கு வந்து சேர்ந்தார். 1902 ஜனவரி 1 அன்று அவரை எதிர்த்து நின்ற பையன்களில் பலர் அவரே வளர்த்தவர்களாக இருந்திருப்பார்கள்.

பாதி ஆட்டத்தில் 17-0. அதற்குப் பிறகு ஸ்டான்ஃபோர்ட் துவண்டுவிட்டது. மிச்சிகனின் நீல் ஸ்னோ மட்டும் ஐந்து டச்டவுன். 49-0 ஆனபோது, இன்னும் 8 நிமிடம் பாக்கி இருக்கையில், ஸ்டான்ஃபோர்ட் கேப்டன் வந்து "போதும், நிறுத்திக்கொள்ளலாமா" என்று கேட்க, மிச்சிகன் கேப்டன் ஹியூ ஒயிட் ஒப்புக்கொண்டார். மிச்சிகன் பக்கம் ஒரு மாற்று ஆட்டக்காரர்கூட இறங்கவில்லை, ஆரம்பித்த பதினோரு பேரே முடித்தார்கள்.

பாவம் திருவிழாக்காரர்கள். இப்படி ஒருதலைப்பட்சமான ஆட்டத்தை மறு வருஷம் யார் பார்க்க வருவார்கள் என்று ஃபுட்பாலையே கைவிட்டுவிட்டார்கள். போலோ வைத்துப் பார்த்தார்கள், ரோமானியப் பாணி ரதப் பந்தயம் வைத்தார்கள். 1916-ல்தான் ஃபுட்பால் திரும்பி வந்தது. அந்தத் திருவிழா ஆட்டம்தான் இன்று கோடிக்கணக்கானோர் பார்க்கிற ரோஸ் பவுல். அது பிறந்த உடனேயே படுத்துப்போனதற்கு, இந்த அணி தேவைக்கு அதிகமாக நன்றாக ஆடியதுதான் காரணம்!

மிச்சிகன் அதற்குப் பிறகு 1905 வரை தோற்கவே இல்லை. 1901 சீசனையும் சேர்த்து 56 ஆட்டங்கள், நடுவே மினசோட்டாவோடு ஒரே ஒரு டிரா. கடைசியில் சிகாகோ 2-0 என்று முடித்து வைத்தது. ரோஸ் பவுலுக்கோ அவர்கள் மறுபடி போனது 1948-ல். எதிரே யு.எஸ்.சி. (தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) அணி, ஸ்கோர் அதே 49-0. யோஸ்ட் அதைப் பார்க்க இல்லை, 1946-லேயே காலமாகிவிட்டார்.