அத்தையின் வேண்டுதலும் மூன்று அம்மன்களும்

அத்தை வேண்டிக்கொண்டது இரண்டு வருடத்துக்கு முன்னால். என் கணவருக்கு பைபாஸ் நடந்த அன்று, ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே இரும்பு பெஞ்சில் உட்கார்ந்து, முந்தானை நுனியில் பதினொரு ரூபாயை முடிந்துகொண்டு, "என் பிள்ளை எழுந்து நடந்தா மூணு அம்மனையும் ஒரே பௌர்ணமியில வந்து பாக்குறேன் தாயே" என்றார். நான் அப்போது பணம் கட்டும் கவுண்டருக்கும் ரத்தம் கொடுக்க வந்தவர்களுக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்தேன். "இப்ப இதுதான் முக்கியமா அத்தை?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டேன். அவர் பதில் பேசவில்லை. முடிச்சை இன்னொரு சுற்று இறுக்கினார். அவ்வளவுதான்.

என் கணவர் பிழைத்தார், நடந்தார், ஆறு மாதத்தில் வேலைக்கும் போக ஆரம்பித்தார். வேண்டுதல் மட்டும் பாக்கி. சென்னையைச் சுற்றியிருக்கும் அந்த மூன்று அம்மன்களையும் வெள்ளிக்கிழமையில் வரும் பௌர்ணமியில் பார்ப்பதுதான் விசேஷம். ஆனால் பௌர்ணமியும் வெள்ளிக்கிழமையும் சேர்ந்து வருவது வருடத்துக்கு ஒன்றோ இரண்டோதான். வந்தாலும் ஒரு முறை அத்தைக்கு முழங்கால் வீங்கியிருக்கும், இன்னொரு முறை பிள்ளைகளுக்குப் பரீட்சை இருக்கும். மஞ்சள் துணிக்கு மாறிய அந்தப் பதினொரு ரூபாய் சாமி மாடத்தில் தொங்கிக்கொண்டே இருந்தது. விளக்கேற்றும்போதெல்லாம் அத்தை அதைத் தொட்டுப் பார்ப்பார். "ஒற்றியூர்க்காரிகிட்ட சொன்ன சொல்லும்மா இது" என்பார்.

அத்தை திருவொற்றியூரில் பிறந்து வளர்ந்தவர். மனைவி சங்கிலி நாச்சியாரைப் பிரியமாட்டேன் என்று மகிழமரத்தடியில் சத்தியம் செய்த சுந்தரர், சொல்லை மீறி ஊர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணையும் இழந்த கதை அவருக்குப் புராணம் இல்லை. பக்கத்து வீட்டில் நடந்த விஷயம் மாதிரித்தான் சொல்வார். சிவனுக்கே தோழரான சுந்தரருக்கே அந்த கதி என்றால் நாமெல்லாம் எம்மாத்திரம் என்று அவருக்கு உள்ளூர ஒரு பயம்.

போன ஆனியில் ஒரு வெள்ளிக்கிழமை பௌர்ணமி வந்தது. இனி தள்ளக்கூடாது என்று முடிவு செய்தோம். காலையில் மேலூர் திருவுடையம்மன், உச்சிப் பொழுதில் திருவொற்றியூர் வடிவுடையம்மன், சாயங்காலம் வட திருமுல்லைவாயில் கொடியிடையம்மன். மூன்றையும் முடிக்கும்வரை சாப்பிடமாட்டேன் என்றார் அத்தை. எழுபத்தொரு வயது. இளநீர் மட்டும் குடிக்கச் சம்மதிக்க வைப்பதற்கே போதும் போதும் என்றாகிவிட்டது.

குரோம்பேட்டையிலிருந்து விடியற்காலை நாலரைக்கு வாடகைக் காரில் கிளம்பி, வண்டலூர் போய் வெளிவட்டச் சாலையைப் பிடித்தோம். மீஞ்சூர் போகும்வரை சாலை வெறிச்சென்று இருந்தது. மேலூர் சின்ன ஊர். ஆனால் அன்று வேன்களும் பஸ்களும் நிற்க இடமில்லாமல் நின்றன. எங்களுக்கு முன்னாலேயே நகரம் முழுவதும் கிளம்பி வந்துவிட்டது போல.

இச்சா சக்தி என்று மேலூர் அம்மனைச் சொல்வார்கள். இச்சை என்றால் ஆசை. ஆசையை விடு, ஆசையை விடு என்றுதான் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். இங்கே அந்த ஆசைக்கே ஒரு அம்மன் நிற்கிறாள், பெயர் திருவுடை. திரு என்றால் செல்வம், மங்கலம், லட்சுமி எல்லாம்தான். 'என் பிள்ளை எழுந்து நடக்கணும்' என்று அன்றைக்கு அத்தை கேட்டதும் ஆசைதானே? அது இல்லாமல் அந்த பெஞ்சில் எப்படி ஆறு மணி நேரம் உட்கார்ந்திருக்க முடியும்? அதனால்தான் விடியலில் முதலில் இவளைப் பார்க்கச் சொல்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. தரிசனம் நல்லபடியாகக் கிடைத்தது. திருமணங்கீஸ்வரரையும் கும்பிட்டுவிட்டு வெளியே வரும்போது மணி எட்டரை.

பாடு அதற்கப்புறம்தான். மீஞ்சூரிலிருந்து திருவொற்றியூர் வருவதற்குள் உயிர் போய் உயிர் வந்தது. துறைமுகம் போகிற கன்டெய்னர் லாரிகள் ஒன்றின் பின் ஒன்றாக நின்றன. முன்னால் லாரி, பின்னால் லாரி, பக்கத்தில் லாரி. வெயில் ஏறிக்கொண்டே இருந்தது. அத்தை கண்ணை மூடிக்கொண்டு உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார். உச்சிக் காலம் தப்பிவிடுமோ என்று எனக்கு வயிற்றைக் கலக்கியது. போதாததற்கு அன்று ஒரு கோயில் வாசலில் (எது என்று வேண்டாம்) "ஐநூறு கொடுங்க, நேரா அம்மன் முன்னாடி நிறுத்துறேன்" என்று ஒருவர் விடாமல் கூடவே வந்தார். செருப்பை இங்கே விட்டால்தான் ஆச்சு என்று இன்னொருவர், கையில் தட்டைத் திணித்துவிட்டு முந்நூறு ரூபாய் கேட்ட ஒரு அம்மா. வேண்டுதலோடு வருகிறவர்களிடம் இப்படிப் பிடுங்குவது பாவம் இல்லையா? முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒரு கிழவியைக் காட்டி "பாட்டிக்காகவாவது கொடுங்க" என்று பேரம் பேசும் மனசு எப்படித்தான் வருகிறதோ. என் கணவர் ஒன்றும் சொல்லாமல் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு தர்ம தரிசன வரிசைக்கே நடந்தார்.

திருவொற்றியூரில் வரிசை இரண்டு மணி நேரத்துக்கு மேல் நகர்ந்தது. எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு பெண் தான் கொண்டுவந்திருந்த மடக்கு ஸ்டூலை எடுத்து, "உக்காருங்கம்மா, நகரும்போது நான் தூக்கிக்கறேன்" என்று அத்தையிடம் கொடுத்தார். யார், எந்த ஊர், ஒன்றும் தெரியாது. வரிசை நகர நகர அவரே ஸ்டூலையும் தூக்கினார், அத்தையையும் தாங்கினார். வள்ளலார் கதைதான் எனக்கு ஞாபகம் வந்தது. சென்னை ஏழுகிணற்றில் இருந்த நாட்களில் தினமும் இந்த அம்மனைப் பார்க்க நடந்தே வருவாராம். ஒரு நாள் இரவு நேரமாகி, வீட்டுக் கதவைத் தட்ட மனசில்லாமல் பசியோடு திண்ணையில் படுத்தவரை எழுப்பிச் சோறு போட்டுவிட்டுப் போனவள் வடிவுடையாள். வந்தது அண்ணி என்றே அவர் நினைத்துச் சாப்பிட்டார். நிஜ அண்ணி அப்புறம் வந்து சாப்பிடக் கூப்பிட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. 101 பாட்டில் வடிவுடை மாணிக்கமாலை பாடியவருக்கு அந்த ராத்திரி அம்மனின் பெயர் அண்ணி. ஸ்டூல்காரப் பெண்ணின் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லையே என்று இன்றும் எனக்குக் குறைதான்.

வரிசையில் ஒரு பெண்கள் குழு லலிதா சகஸ்ரநாமம் சொல்லிக்கொண்டு வந்தது. நானும் சேர்ந்துகொண்டேன். பன்னிரண்டு வருடமாக வெள்ளிக்கிழமை தவறாமல் சொல்கிறேன், வாய் தன்பாட்டுக்கு ஓடும். 'ராகஸ்வரூப பாசாட்யா, க்ரோதாகாராங்குசோஜ்வலா' என்ற இடத்தில் அன்று நாக்கு நின்றது. அம்பாள் கையில் இருக்கும் பாசக்கயிறு நம் பற்று. அங்குசம் நம் கோபம். ஆயிரம் பெயரில் எட்டாவதும் ஒன்பதாவதும் இவை. ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் அத்தையிடம் காட்டியது இந்த அங்குசம்தானே. அதே பெஞ்சில் அத்தை முந்தானையில் இறுக்கிக் கட்டியது இந்தப் பாசம்தானே. இரண்டும் அவள் கையில் இருக்கும்போது ஆயுதம், அழகு. நம் கைக்கு வந்தால்தான் யாரையாவது குத்துகிறது. இரண்டு வருடமாக நான் அத்தையிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. வரிசையிலும் வாய் வரவில்லை. அவருடைய தண்ணீர் பாட்டிலை வாங்கி என் பையில் போட்டுக்கொண்டேன், அதுதான் முடிந்தது.

இன்னும் கொஞ்ச தூரம் போனதும் 'இச்சாசக்தி ஞானசக்தி க்ரியாசக்தி ஸ்வரூபிணீ' என்ற நாமா வந்தது. காலையில் பார்த்தவள், இப்போது பார்க்கப் போகிறவள், சாயங்காலம் பார்க்கப் போகிறவள், மூவரும் ஒரே பெயருக்குள். ஒரு பாறை மூன்றாக உடைந்து, மனம் உடைந்த சிற்பிக்கு அம்பாளே காட்சி கொடுத்து, மூன்றையும் மூன்று அம்மனாகச் செதுக்கச் சொன்னாள் என்பார்கள். அந்த நாமாவைச் சொல்லும்போது உடம்பு சிலிர்த்தது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அத்தைக்கும் இந்த அம்மனின் பெயர்தான். பிறந்த வீட்டில் வடிவு என்று கூப்பிடுவார்களாம். கல்யாணமாகி வந்த வீட்டில் மாமியார், "அம்மன் பேரைச் சொல்லி எப்படித் திட்டுறது" என்று அந்தப் பெயரையே விட்டுவிட்டாராம். பெரியவளே, அம்மா, அண்ணி, அத்தை, பாட்டி. ஐம்பது வருடமாக யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நானும்தான்.

கர்ப்பக்கிரகத்துக்கு நேரே வந்த நேரம் தீபாராதனை. மாலைகள் தோள் வரை ஏறி, மேல் கைகள் பூவுக்குள் மறைந்திருந்தன. அபயக் கை மட்டும் வெளியே. அதன் விரல் இடுக்கில் ஒரு மல்லிகைச் சரம் சிக்கிக்கொண்டிருந்தது. கற்பூரம் மேலே ஏறும்போது அந்த உள்ளங்கை ஒரு கணம் சிவந்து தெரிந்தது. அப்போது பின்னாலிருந்து மொத்தக் கூட்டமும், "வடிவு! எங்க அம்மா! வடிவுடைத் தாயே!" என்று குரல் கொடுத்தது.

அத்தை சட்டென்று திரும்பிப் பார்த்தார். யாரோ கூப்பிட்டார்கள் என்றுதான் திரும்பினார். அந்த முகத்தை நான் பார்த்தேன். எழுபத்தொரு வயது முகம் இல்லை அது. சன்னதித் தெருவில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளையை வீட்டு வாசலிலிருந்து கூப்பிட்டால் எப்படித் திரும்புமோ அப்படி இருந்தது. அப்புறம் அம்மன் பக்கம் திரும்பி, கையைத் தலைக்கு மேல் தூக்கி, தேம்பித் தேம்பி அழுதார். "நகருங்க நகருங்க" என்று கை வந்து தள்ளியது. நான் அம்மனைச் சரியாகப் பார்க்கவே இல்லை. பார்த்தேன் என்றும் சொல்லலாம்.

வெளியே பிராகாரத்தில் உட்கார்ந்தபோது, "அன்னிக்கு நான் பேசினது தப்பு அத்தை" என்றேன். "என்னிக்கு?" என்று கேட்டார். நிஜமாகவே அவருக்கு ஞாபகம் இல்லை.

திருவொற்றியூரிலிருந்து திருமுல்லைவாயில் போகும் வழியில் அத்தை, "கண்ணு போனப்புறம் சுந்தரரும் இங்கேருந்து முல்லைவாயிலுக்குத்தான் போனாரு" என்றார். மாதவரம் ரவுண்டானா, அம்பத்தூர் நெரிசல் எல்லாவற்றையும் தாண்டி, கண் தெரியாமல் ஒருவர் நடந்த வழியில் நாங்கள் ஏசி காரில் போனோம். கூசியது எனக்கு.

கொடியிடையம்மன் கிரியா சக்தி, செயலின் சக்தி. வடமொழியில் லதாமத்யாம்பாள், கொடி போன்ற இடையுடையவள். செயலுக்கு உரியவளுக்குப் பெயரில் மலையும் இல்லை, சிங்கமும் இல்லை, ஒரு கொடிதான் இருக்கிறது. ஆனால் அந்த ஊரில் நடந்தது என்ன? தொண்டைமான் மன்னனின் யானையை நிறுத்தியது கோட்டைச் சுவர் இல்லை, காலைச் சுற்றிய முல்லைக்கொடி. சுந்தரரே இதைப் பாடியிருக்கிறார். சிக்கிய கொடியை மன்னன் வாளால் வெட்ட, உள்ளே இருந்த லிங்கத்தின் மேல் வெட்டு விழுந்து ரத்தம் பெருகியது. அந்தக் காயத்துக்காகத்தான் இன்றும் சுவாமிக்குச் சந்தனக் காப்பு. ஆண்டுக்கு ஒரு நாள், சித்திரை சதயத்தில் மட்டும் அதைக் களைந்து புதிதாகச் சாத்துவார்கள்.

அம்மனைக் கண்குளிரப் பார்த்துவிட்டு சுவாமி சன்னதிக்கு வந்தோம். இரண்டு பக்கமும் எருக்கந்தூண், பின்னால் நமக்கு முதுகு காட்டி வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் நந்தி. சந்தனத்துக்குள் சுவாமி. பெயர் மாசிலாமணீஸ்வரர். தலையில் வெட்டு வாங்கியவருக்குப் பெயர் மாசில்லாத மணி! என் கணவர் சட்டையைக் கழற்றி இடுப்பில் சுற்றியிருந்தார். கழுத்துக்குழியிலிருந்து நெஞ்சு முடியும்வரை அந்தத் தழும்பு. வீட்டில்கூடப் பிள்ளைகள் முன்னால் சட்டையைக் கழற்ற மாட்டார். குருக்கள் சந்தனம் கொடுத்தார். நெற்றியில் இட்டுக்கொள்வார் என்று பார்த்தேன். விரலில் எடுத்துத் தழும்பின் மேல் மேலிருந்து கீழாக மெதுவாகப் பூசிக்கொண்டார். அத்தை அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

தாயே, எங்களுக்கு என்ன தெரியும். கேட்க வைத்தவளும் நீ, காத்திருக்க வைத்தவளும் நீ, கூட்டிக்கொண்டு வந்தவளும் நீ. அவரை எனக்குத் திருப்பிக் கொடுத்தாயே, அதற்கு எந்தப் பெயரைச் சொல்லி நன்றி சொல்வது? திருவுடையம்மா, வடிவுடையம்மா, கொடியிடையம்மா, எல்லாப் பெயரையும் சொல்லிவிட்டேன், இன்னும் சொல்லத்தான் தோன்றுகிறது.

பதினொரு ரூபாயை உண்டியலில் போட்டுவிட்டு, நிலா வெளிச்சத்தில் கோயில் குளத்துப் பக்கம் உட்கார்ந்து அத்தை விரதம் முடித்தார். வீட்டிலிருந்து கொண்டுபோன தயிர்சாதத்தை என் கணவரே பிசைந்து அத்தைக்கு ஊட்டினார்.

வீடு வந்து சேரப் பத்து மணி. மூன்று கோயில் குங்குமமும் ஒரே மாதிரிக் காகிதத்தில் மடித்து என் பையில் இருந்தது. எது எந்த அம்மனுடையது என்று மேலே எழுதி வைத்துவிடலாமே என்று பேனா எடுக்க உள்ளே போனேன். திரும்பி வருவதற்குள் அத்தை மூன்றையும் பிரித்து ஒரே சிமிழில் கொட்டி, விரலால் கலந்துகொண்டிருந்தார். அதே விரலால் என் நெற்றியில் வைத்துவிட்டு, "போய்ப் படும்மா, அலைச்சல்" என்றார்.